சந்தனம் காய்ந்த பட்டன்

தேசப்பனின் வலது கை நடுவிரல் சந்தனக் கிண்ணத்துக்கும் மிஷின்களுக்கும் இடையே போய் வந்துகொண்டிருந்தது. முதலில் மோட்டார், அடுத்து பெல்ட் ஓடும் சக்கரம், கம்ப்ரஸரின் தலை, கடைசியாக வரிசையாக அடுக்கிய ஸ்பானர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு சந்தனம், அதன் நடுவில் குங்குமம். எல்லாம் முடிந்ததும் கிண்ணத்தோடு வாசலுக்கு வெளியே வந்தார். சுவரில் பதித்த இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புப் பட்டன் துருத்திக்கொண்டிருந்தது. மற்றதற்கெல்லாம் ஒரு விரல் என்றால் இதற்கு மூன்று விரல். சந்தனத்தை வழித்து பட்டனின் முகம் முழுக்க அப்பி, அதன் மேல் குங்குமத்தையும் தேய்த்தார். மிச்சம் சுற்றியிருந்த இடுக்கில் வழிந்தது.

அது 1973 அக்டோபர், ஆயுத பூஜை. இடம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே மூன்று மைலில், கால்வாய்க் கரையில் இருந்த ஐஸ் கம்பெனி. ஒரு பர்லாங் தள்ளித் துணை சுகாதார நிலையம் இருந்தது. அதில் நான் நர்ஸ். பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். என் கத்திரிக்கோலையும் வாங்கி அவர் பொட்டு வைத்துக் கொடுத்தார். நான் திரும்பி வந்ததும் அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கழுவி எடுத்தேன். பட்டனை யாரும் கழுவவில்லை.

தேசப்பன் மதுராந்தகத்துக்காரர். அங்கே ஒரு நெல் மில்லில் பாய்லருக்கு உமி தள்ளிக்கொண்டிருந்தவர். 1969இல் இந்த ஐஸ் கம்பெனி தொடங்கியபோது ஆபரேட்டராக வந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கம்ப்ரஸரின் சத்தத்தில் சின்ன மாறுதல் இருந்தாலும் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடுவார். கம்பெனி மதிலை ஒட்டி அவருக்கு இரண்டு அறை வீடு கொடுத்திருந்தார்கள். தண்ணீர்க் குழாய் உண்டு, மின்சார விளக்கு உண்டு. மில்லில் இருந்தவரை அவரும் மனைவி வச்சலாவும் இரண்டு பெண் குழந்தைகளோடு உமிக் கொட்டகையில் ஒரு மூலையில் படுத்தவர்கள். பெரியவளுக்கு அங்கே எந்நேரமும் இருமல். இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் அது நின்றது. வச்சலா அந்த வீட்டை ஒரு நாளைக்கு இரண்டு தடவை பெருக்குவாள்.

பட்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐஸ் உறைய வைக்க அமோனியா என்ற வாயுவைக் குழாய்களில் அழுத்தி ஓட்டுகிறார்கள். அது வெளியே வந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரித்துவிடும். எங்காவது வெடித்தால் ஆட்கள் வெளியே ஓடி வந்து அந்தப் பட்டனை அமுக்க வேண்டும், மோட்டார் உடனே நிற்கும். மெட்ராஸிலிருந்து வந்து மிஷினைப் பொருத்திக் கொடுத்த ஃபிட்டர் ஜலாலுதீன் இதை எல்லோருக்கும் காட்டிவிட்டு தேசப்பனிடம் தனியாகச் சொன்னாராம்:

“மாசம் பொறந்தா மொத வேல இது. அமுக்கு, மோட்டாரு நிக்குதா பாரு, சுவத்துல ஒரு கோடு போடு. அமுக்காத பட்டன நம்பாத நைனா. அது சொவத்துல அடிச்ச ஆணிதான்.”

தேசப்பன் பதினொரு மாதம் அப்படியே செய்தார். பதினொன்றாவது தடவை அமுக்கியபோது மோட்டார் நின்றது. திரும்ப ஓட்டினால் ஓடவில்லை. எங்கள் பக்கம் மின்சாரம் அப்போது அப்படித்தான், விளக்கு எரிகிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டும். மாலை வரை மோட்டார் எழவில்லை. அன்று நாற்பது படகு மீன் கரையில் கிடந்து நாறியது. முதலாளி பன்னீர்செல்வம் வந்தார். கெட்ட மனிதர் இல்லை, பிரசவத்துக்கு ஜீப் கேட்டால் ஒரு தடவைகூட இல்லை என்றதில்லை. அன்று மட்டும் வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

“இன்னொரு தபா உன் கையால மிஷின் நின்னா வூட்ட காலி பண்ணிட்டு போய்க்கினே இரு, தேசப்பா.”

பட்டனை அமுக்காதே என்று அவர் சொல்லவில்லை. மிஷின் நிற்கக் கூடாது என்றார். ஜலாலுதீனோ அமுக்காமல் இருக்காதே என்றிருந்தார். தேசப்பன் இரண்டு பேருக்கும் நல்லவராக ஒரு வழி கண்டுபிடித்தார். மாதம் பிறந்ததும் சாக்பீஸை எடுத்துச் சுவரில் கோடு போட்டார், பட்டனை மட்டும் தொடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரும் ஜலாலுதீன் கோடுகளை எண்ணித் தலையை ஆட்டினார். முதலாளிக்கும் திருப்தி. தொடாத பொருளுக்கு மெல்ல மெல்ல மரியாதை கூடிவிட்டது. ஐஸ் கேன் தூக்குகிற ஆட்கள் காலையில் உள்ளே போகும்போது பட்டனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமையில் யாரோ பூ வைத்தார்கள்.

1974 தொடக்கத்தில் எங்கள் பக்கம் தினமும் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை மின்வெட்டு வந்தது. தேசப்பனுக்கு ஒரு யோசனை தோன்றியது. மோட்டார் தானாக நிற்கிற நேரத்தில் அமுக்கிப் பார்த்தால் யாரும் கேட்க முடியாதே. பிப்ரவரியில் ஒரு நாள் இரண்டரை மணிக்குக் கட்டைவிரலால் அமுக்கினார். பட்டன் அசையவில்லை. உள்ளங்கையால் அழுத்தினார், முழங்கையால் இடித்தார். சுவரை இடித்தது போல இருந்தது.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. அது எப்போதும் சிவந்திருக்கும் என்பதால் சொட்டு மருந்தை எடுத்தேன்.

“மருந்து வேணாம் நர்ஸம்மா. ஒண்ணு சொல்லணும்.” பட்டன் இறுகிப்போனதைச் சொன்னார். “நான்தான் அப்பினேன். அஞ்சு வருசமா நான்தான்.”

“முதலாளிகிட்ட சொல்லுங்க. ஜலாலுதீன் பாய் வந்து கழட்டி மாத்திக் குடுப்பாரு.”

“சொன்னா, நாலு வருசமா கோடு போட்டுகினு வந்தியே, அது இன்னாடான்னு கேப்பாரு. வூடு போயிடும்.”

“சொல்லாம இருந்தா?”

எழுந்து வாசலுக்குப் போனார். அவர் முன்பே யோசித்து முடித்த கேள்வி அது என்று தெரிந்தது.

மின்வெட்டு நேரங்களில் பெட்டியைக் கழற்றப் பார்த்தார். கடல் காற்றில் திருகுகள் துருப்பிடித்து, ஒன்றின் தலை உருண்டுவிட்டது. மண்ணெண்ணெய் ஊற்றினார். மூன்று நாள் ஊறியும் அசையவில்லை. கடைசியில், மே மாதம் ஜலாலுதீன் வரும்போது அவரிடம் மட்டும் சொல்லிவிடுவதாக முடிவு செய்தார். மார்ச்சில் ஒரு கோடு போட்டார், ஏப்ரலில் ஒரு கோடு போட்டார். நானும் பன்னீர்செல்வத்திடம் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெரிய பெண்ணின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து அந்த இருமலைக் கேட்டவள் நான். மூன்று மாதம் சும்மா இருந்தேன். இது என் பங்கு.

ஏப்ரல் கடைசி வாரம், வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றே கால் மணி. வச்சலா என் வாசலில் வந்து நின்றாள், செருப்பில்லாமல்.

“கேஸு வெடிச்சிடுச்சி. எல்லாம் வெளிய வந்துட்டாங்க, அவரு வரல.”

கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினேன். பாதி வழியிலேயே மூக்கு எரிந்தது. ஆட்கள் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்று இருமிக்கொண்டிருந்தார்கள். கேன் தூக்குகிறவர்களில் மூத்தவனான மூர்த்தி மட்டும் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, ஒரு கல்லால் பட்டனை அடித்துக்கொண்டிருந்தான். நான் பார்க்கும்போதே பட்டனின் தலை தெறித்து விழுந்தது. உள்ளே மோட்டார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடும்வரை கம்ப்ரஸர் வாயுவைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கும்.

மிஷின் அறை எனக்குத் தெரியும். வாசலுக்குப் பக்கத்தில் உள்சுவரில் மெயின் சுவிட்ச், வாயுவில் அதை யாரும் நெருங்க முடியவில்லை. நடுவில் கம்ப்ரஸர், அதன் தலையில்தான் வாயுவை அடைக்கும் கேஸ்கட் போயிருந்தது. பின்னால் இரும்பு உருளைகள், அதற்கும் பின்னால் கருங்கல் சுவர். இருந்த ஒரே ஜன்னல் கம்ப்ரஸருக்கு நேராக இருந்தது, அதன் வழியாகத்தான் வெள்ளைப் புகை போல வாயு வந்துகொண்டிருந்தது. எண்ணெய் வடிக்க உருளைக்குப் பின்னால் போயிருந்தார் தேசப்பன். அவருக்கும் வாசலுக்கும் நடுவே வெடித்திருக்கிறது.

“பின்னால தண்ணி போற ஓட்ட கீது,” என்றாள் வச்சலா. அந்தத் தண்ணீரில்தான் அவள் கீரை போட்டிருந்தாள்.

பின்சுவரின் அடியில், தரையோடு தரையாக, ஒரு சாண் அகல ஓட்டை. வச்சலா சேற்றில் குப்புறப் படுத்து வாயை வைத்துக் கூப்பிட்டாள்.

“யோவ். கீறியா?”

ஓட்டை வழியாக நான்கு விரல்கள் வெளியே வந்தன. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“கீறேன்,” என்றது உள்ளிருந்து குரல். “மோட்டாரு ஏன் ஓடிக்கினு கீது?”

“மூர்த்தி கல்லால அடிச்சான். நிக்கல.”

“நிக்காது,” என்றார்.

நான் அவளை நகரச் சொல்லிவிட்டுக் குனிந்தேன். “தேசப்பன், கண்ணை மூடுங்க. சாக்கு இருக்கா?”

“கீது. ஈரமாத்தான் கீது.”

“தலைல போத்திக்கிட்டு மூக்கை இந்த ஓட்டைல வைங்க. எந்திரிக்காதீங்க. சூடான கேஸு மேலதான் போகும், கீழ நல்ல காத்து இருக்கும்.”

“கால் மேல சாக்கு பத்தல.”

“கால் எரிஞ்சா ஆறும். மூக்கை எடுக்காதீங்க.”

நான் கொண்டு வந்த பையில் எனிமா கேன் இருந்தது, கூடவே நாலடி ரப்பர் குழாய். கேனில் தண்ணீரை ஊற்றி வச்சலாவின் கையில் உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, குழாயை ஓட்டைக்குள் விட்டேன். “இதைக் கண்ணு மேல விட்டுக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க.”

“இன்னா டியூபு நர்ஸம்மா இது?”

“கேக்காதீங்க.”

“தெரியும் எனக்கு,” என்று வச்சலா மேலேயிருந்து சொன்னாள். “சின்னவளுக்கு மூணு நாளு வெளிய போவாதப்போ வெச்சாங்களே, அந்த டியூபு. பேசாம படு.”

உள்ளே சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. சிரிக்க வைக்காதே என்று அவளைக் கையால் தட்டினேன்.

ஒன்றரைக்குப் பன்னீர்செல்வத்தின் ஜீப் வந்தது. நிலைமையைப் பார்த்து, அதே ஜீப்பை மின்சார ஆபீசுக்கு விரட்டினார். நாலு மைல். நாலு பேர் கடப்பாறையால் பின்சுவரைக் குத்தினார்கள், கருங்கல்லில் பொறிதான் பறந்தது. ஒவ்வொரு குத்துக்கும் உள்ளே காரை உதிர்ந்து அவர் மேல் விழுந்தது. நிறுத்தச் சொன்னேன். ஜீப் திரும்பி வந்தது. லைன்மேன் வேறு ஊரில் கம்பத்தின் மேல் இருக்கிறாராம், ஆள் போயிருக்கிறதாம்.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. தண்ணீர் ஊற்றலாம், இரண்டு மணி ஆகும்வரை காத்திருக்கலாம். நான்கு மாதமாக எல்லோரும் திட்டிக்கொண்டிருந்த மின்வெட்டு அன்று எப்போது வரும் என்று முப்பது பேர் நின்றோம். என் கைக்கடிகாரத்தில் மணி என்ன என்று வச்சலா நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டாள்.

இரண்டு ஆனது. மோட்டார் ஓடியது. இரண்டு ஐந்து.

“கரண்ட் ஆபீசுக்காரனுக்கு இன்னிக்கின்னு தூக்கம் வந்துடுச்சி,” என்றான் மூர்த்தி.

ஓட்டையில் விரல்கள் தளர்ந்தன. வச்சலா அதை உலுக்கினாள். “இன்னாயா, தூங்கறியா? பட்டனுக்கு மூணு வெரலு சந்தனம் அப்புனியே, எனக்கு ஒரு மொழம் பூ வாங்கியாந்திருக்கியா நீ? தோ பாரு, உன்னத்தான் கேக்கறேன்.”

“வச்சலா.” குரல் கிழிந்த துணி போல இருந்தது. “அந்தக் கோடுங்க ஒண்ணும் நெசம் இல்ல. அமுக்காமலே போட்டேன். மூர்த்திகிட்ட சொல்லு, அவன் மேல தப்பு இல்ல.”

அவளுக்கு இதுவரை தெரியாது. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. கேனை மாத்திரம் கீழே இறக்கவில்லை.

“அது இன்னாத்துக்கு இப்ப? மின்ன மூச்ச வுடு. வெளிய வந்து சொல்லிக்கலாம்.”

இரண்டு பதினெட்டுக்கு மோட்டார் நின்றது. அந்த நிசப்தத்தில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. வாயு குறையப் பத்து நிமிடம் விட்டேன், அதற்கு மேல் மூர்த்தி கேட்கவில்லை. இரண்டு ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனவன், தேசப்பனைக் கணுக்காலில் பிடித்து இழுத்து வந்தான்.

ஒரு மணி நேரம் கண்ணைக் கழுவினேன். வலது கண் சிவந்திருந்தது, கையைக் காட்டினால் விரலை எண்ணினார். இடது கண் வேகவைத்த மீன் கண்ணாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. இருமிக்கொண்டிருந்த மூர்த்தியை அங்கேயே விட்டுவிட்டு, தேசப்பனை ஜீப்பில் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பத்து நாள் படுக்க வேண்டும் என்றார் டாக்டர். இடது கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் தேவைப்படவில்லை.

பொழுது சாய்வதற்குள் பன்னீர்செல்வம் கட்டில் பக்கம் வந்து நின்றார். ஆர்லிக்ஸ் பாட்டில் வாங்கி வந்திருந்தார்.

“நீ கவலப்படாம தேறி வா. வூடும் வேலையும் எங்கயும் போவாது. அந்த மூர்த்திப் பயலத்தான் வுடப்போறதில்ல. நல்லா கீற பட்டன கல்லால அடிச்சி ஒடச்சிட்டான். இந்த மாசக் கோடு கூட சொவத்துல கீது, நானே பாத்தேன். நாளைக்கி பாய் வராரு, அவரு மின்னாடியே அவன் கணக்க முடிச்சி அனுப்பறேன்.”

தேசப்பன் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. வச்சலா தண்ணீர் டம்ளரை அவர் வாயில் வைத்து, அவர் குடித்து முடிக்கும்வரை எடுக்கவில்லை. குடித்து முடிப்பதற்குள் முதலாளி போய்விட்டிருந்தார்.

“பொண்ணுங்களுக்கு அடுத்த வாரம் பரீட்ச,” என்றாள், அவரைப் பார்க்காமல்.

“மூர்த்தி தவழ்ந்துகினு வந்தான்,” என்றார் அவர்.

வச்சலா டம்ளரைக் கழுவப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் தேசப்பன் என்னிடம், திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். எழுந்தால் கால் புண் கசியும், கண்ணுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து விட வேண்டும், டாக்டர் திட்டுவார் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் பஸ் நேரத்தைக் கேட்டார். வச்சலா எழுந்து அவருடைய சட்டையை உதறினாள். நான் சொட்டு மருந்தையும் கட்டுத் துணியையும் எடுத்துக்கொண்டேன்.

கம்பெனி வாசலில் மூர்த்தி தன் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தான். உள்ளே விடவில்லை. ஜலாலுதீன் உளியால் இரும்புப் பெட்டியின் மூடியைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். பன்னீர்செல்வம் பக்கத்தில் நின்றார்.

“இவன் எதுக்கு வந்தான்?” என்று என்னைக் கேட்டார்.

தேசப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “மொதலாளி, மூர்த்தி ஒடைக்கறதுக்கு மின்னாடியே அது செத்துப் போச்சி. சந்தனம் வெச்சி நான்தான் அடச்சேன். மொத பதினொரு கோடு நெசம். மத்ததெல்லாம் அமுக்காம போட்டது.”

“கண்ணு போன பயத்துல இன்னாத்தயோ பொலம்பறான்.”

ஜலாலுதீன் மூடியை எடுத்தார். உள்ளே விரலை விட்டு ஒரு கட்டியை உடைத்தெடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மஞ்சள் காரை போல இருந்தது, குறுக்கே குங்குமத்தின் சிவப்பு வரிகள். “எண்ணிக்குங்க. அஞ்சு பூசைக்கு அஞ்சு வரி.” பிறகு சுவரிலிருந்த சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தார். அவற்றை எண்ணித் தலையாட்டியவர் அவர்தான். தேசப்பனைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முதலாளியைக் கேட்டார்: “மிஷின் நின்னா இன்னா பண்ணுவேன்னு சொன்னீங்க இவன்கிட்ட?”

பன்னீர்செல்வம் சுவரிலிருந்த கோடுகளைப் பார்த்துவிட்டு, “மூர்த்திய உள்ள வரச் சொல்லு,” என்றார். பிறகு, “வூட்ட இன்னிக்கே காலி பண்ணிடு தேசப்பா.” சத்தம் போடாமல்தான் சொன்னார்.

வச்சலா ஏற்கெனவே வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

ஜலாலுதீன் புதுப் பட்டனைப் பொருத்தினார். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டார். அதற்குள் தேசப்பன் ஒரு ஈரத்துணியை வாங்கி, பதினொரு கோடுகளை விட்டுவிட்டு, மற்ற ஐம்பத்து மூன்றையும் துடைத்தார். ஒரு கண்ணால் துடைத்ததில் ஒன்றிரண்டு விட்டுப்போயின, மூர்த்தி விரலால் காட்டினான். அவற்றையும் துடைத்தார்.

“அமுக்கு,” என்றார் ஜலாலுதீன்.

தேசப்பன் அமுக்கினார். மோட்டார் நின்றது. பதினொன்றுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டார். சாக்பீஸை மூர்த்தியின் கையில் கொடுத்துவிட்டு, மாட்டுவண்டியில் பாத்திரங்களை ஏற்றப் போனார். பத்து மணி ஆகியிருந்தது. வண்டிச் சக்கரத்தில் அவரைச் சாய்த்து நிறுத்தி, கண்ணில் மருந்து விட்டேன்.